மழைக்கு ஒரு காலம், இடிக்கு ஒரு காலம்

பிப்ரவரி 3

அண்ணி,

எனக்கு பிரெஞ்சு தெரியாது என்று நீ கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறாய்.

இதைக் கேள்வியாகக் கேட்கவில்லை. தாளை என் கண்ணால் பார்த்துவிட்டேன். என்னை இங்கே வேலைக்கு அனுப்பிய ஏஜென்சியின் முத்திரை, அதற்குக் கீழே 'பயிற்சிப் பொறுப்பாளர்' என்று உன் பதவி, அதற்கும் கீழே வால் நீண்ட உன் கையெழுத்து. கல்யாணப் பதிவில் போட்ட அதே கையெழுத்து. அன்றைக்கு நான் சாட்சியாகப் பக்கத்தில் நின்று அந்த வாலைக் கிண்டல் செய்தேன்.

வீட்டில் உன்னை 'நீங்க' என்பேன், பஸ்ஸில் 'நீ' என்பேன். பெரியவர்கள் காதில் விழக்கூடாது என்று நாம் செய்துகொண்ட ஏற்பாடு. இந்தக் கடிதத்தை பஸ்ஸில் உட்கார்ந்து எழுதுவதாக வைத்துக்கொள். போன் செய்தால் நீ அழுவாய், நான் கத்துவேன், அண்ணன் நடுவில் புகுந்து "என்ன, என்ன" என்பான். அதனால்தான் காகிதம்.

அவர்கள் உன்னிடம் என்ன சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது. நடந்ததை நான் சொல்கிறேன்.

இந்த முதியோர் இல்லத்தில் என் பொறுப்பில் இருக்கும் மாடியில் ஒரு கிழவி இருக்கிறார். தபால்காரம்மா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். நாற்பது வருடம் சைக்கிளில் தபால் கொடுத்தவர். இப்போது முழங்கால் இரண்டும் போய்விட்டது. கழிப்பறைக்குப் போக வேண்டுமென்றால் கட்டில் தலைமாட்டில் தொங்கும் மணிப் பொத்தானை அழுத்த வேண்டும், நாங்கள் ஓட வேண்டும். போன மாதம் குடும்பத்தார் வந்து பார்க்கும் நாளில், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, அவர் தனியாக எழுந்திருக்கிறார். விழுந்துவிட்டார். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. முதலில் பார்த்தது நான். அறிக்கை எழுதியதும் நான்.

மூன்றே வாக்கியம் எழுதினேன். மணி வேலை செய்யாமல் இருந்தது. அவர் எழுந்தார். விழுந்தார்.

மழை, இடி, இடி. புரிகிறதா அண்ணி? பிரெஞ்சின் இரண்டு இறந்தகாலங்களில் முதல் வாக்கியத்துக்கு நம் மழைக்காலத்தைப் போட்டேன். ஏனென்றால் அந்த மணி அன்றைக்கு மட்டும் கெட்டுப்போகவில்லை. அந்த மாடியில் மணி வேலை செய்து நான் பார்த்ததே இல்லை.

மறுவாரம் இல்லத்தின் பொறுப்பாளர் அம்மாள் கூப்பிட்டார். சிரித்த முகம். "உட்காரும்மா. உன் அறிக்கையில ஒரு சின்ன இலக்கணப் பிழை. உன் மேல தப்பில்ல. உங்க மொழிக்காரங்களுக்கு இது சகஜமாம். உங்க ஏஜென்சியே எழுதிக் கொடுத்திருக்காங்க" என்று தாளை என் பக்கம் தள்ளினார். 'மணி அன்றைக்கு வேலை செய்யவில்லை' என்று இடிக்காலத்தில் திருத்தி, என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார். நான் போடவில்லை. என் கையெழுத்து தேவைப்படவும் இல்லை. உன்னுடையது இருந்ததே, அது போதுமாம்.

ஏன் போட்டாய்?

வாயாடி

*

பிப்ரவரி 12

என் செல்ல வாயாடிக்கு,

உன் கடிதத்தை வாசலில் வைத்தே பிரித்துவிட்டேன். பிறகு மாடிக்குப் போய் இன்னொரு தடவை படித்தேன். உன் அண்ணன் கேட்டதற்கு, "சும்மா, குளிர் அதிகமாம்" என்று சொல்லி வைத்திருக்கிறேன். அங்கே குளிர் அதிகம்தானே?

நீ நினைக்கிற மாதிரி இல்லை. ஏஜென்சி முதலாளியம்மா ஒரு நாள் மதியம் கூப்பிட்டு, "உங்க நாத்தனார் வேலை பாக்குற எடத்துல ஒரு சிக்கல். அறிக்கையில காலத்தை மாத்திப் போட்டுட்டாளாம். நம்ம பக்கத்துலேர்ந்து ஒரு விளக்கம் கேக்குறாங்க. வழக்கமானதுதான்" என்றார். நான், "அவ மாத்திப் போட மாட்டாளே மேடம்" என்றேன். சத்தியமாகச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "அப்போ பொய் எழுதியிருக்கான்னு எடுத்துக்குவாங்க. எது பரவாயில்லைன்னு நீங்களே சொல்லுங்க" என்றார்.

எனக்கு என்ன தோன்றும், சொல். பொய் சொன்னாள் என்றால் உன்னை அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவார்கள். மொழி கொஞ்சம் தடுமாற்றம் என்றால் மூன்று மாதம் மறுபயிற்சி, அவ்வளவுதான். உன்னைக் காப்பாற்றுவதாக நினைத்துத்தான் போட்டேன். எழுதியதும் முழுப் பொய் இல்லையே. 'மணி அடிக்கல' என்று நாம் சொன்னால் அது அன்றைக்கு மட்டும் அடிக்காததற்கும் ஆகும், என்றைக்கும் அடிக்காததற்கும் ஆகும். அதைத்தான் எழுதினேன்.

இன்னொன்றும் இருக்கிறது. என் வகுப்பில் இப்போது பதினொரு பெண்கள். எல்லோருமே தேர்வு எழுதி முடித்துவிட்டு அழைப்புக்காகக் காத்திருக்கிறார்கள். அதில் ஒருத்தி வேலையை விட்டுவிட்டு வந்திருக்கிறாள், ஒருத்தி நிச்சயத்தை நிறுத்திவிட்டு வந்திருக்கிறாள். உன் இல்லத்தோடு ஏஜென்சி சண்டை போட்டால் இவர்கள் எங்கே போவார்கள்? உனக்குப் பின்னால் கதவைச் சாத்தச் சொல்கிறாயா?

கோபம் ஆறியதும் எழுது. குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ. உனக்குக் காது வலி வரும்.

அண்ணி

*

பிப்ரவரி 23

அண்ணி,

காதை மூடிக்கொள்கிறேன். ரொம்ப நன்றி.

என்னைக் காப்பாற்றினாய். இப்போது நான் எங்கே இருக்கிறேன் தெரியுமா? கீழ்த்தளத்தில், துணி துவைக்கும் அறையில். மறுபயிற்சி முடியும்வரை அறிக்கை எழுதக்கூடாதாம், கிழவர்கள் பக்கத்தில் தனியாகப் போகக்கூடாதாம். நாள் முழுக்கப் படுக்கை விரிப்பு. இயந்திரத்திலிருந்து எடு, உதறு, மடி. என்னோடு மடிக்கிற பெண் வேறு நாட்டுக்காரி. அவளும் மேல்மாடியில் இருந்தவள்தான். ஏன் கீழே வந்தாய் என்று கேட்டேன். "எனக்கும் பிரெஞ்சு வராதாம்" என்று சொல்லிச் சிரித்தாள். அதைச் சுத்தமான பிரெஞ்சில் சொன்னாள்.

நம் மொழியைச் சாட்சிக் கூண்டில் ஏற்றியிருக்கிறாயே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நம்மிடம் ஒரே வடிவம்தான் இருக்கிறதாம். நம் தெருவில் யாராவது அப்படிப் பேசிக் கேட்டிருக்கிறாயா? எதிர்வீட்டு அக்கா புருஷனைத் திட்டுவாளே. "நேத்து வீட்டுக்கு வரல" என்றால் ஒரு சண்டை. "வீட்டுக்கு வர்றதே இல்ல" என்றால் பெட்டி கட்டுகிற சண்டை. குழாயில் தண்ணி வரல என்பதற்கும் வர்றதே இல்ல என்பதற்கும் வித்தியாசம் தெரியாதவள் யாராவது குடமும் கையுமாக நம் ஊரில் இருக்கிறாளா? பிரெஞ்சுக்காரன் அதற்கு இரண்டு தனிப் பெயர் வைத்து வினைச்சொல்லுக்குள் அடைத்தான். நாம் 'தே இல்ல' என்று வாலில் கட்டினோம். உனக்குத் தெரியாததா இது?

மழையா இடியா விளையாட்டை யார் கண்டுபிடித்தது? நீ. வகுப்பு விட்டு பஸ்ஸில் வரும்போது உனக்கு இரண்டு காலமும் மண்டையில் ஏறவில்லை. ஜன்னலுக்கு வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. "ஏய், இரு. மழை பெஞ்சுக்கிட்டே இருக்கு, எப்ப ஆரம்பிச்சதுன்னு தெரியல, எப்ப முடியும்னு தெரியல. அது ஒரு காலம். இடி விழுந்துச்சு, முடிஞ்சுபோச்சு. அது இன்னொரு காலம். சரியா?" என்றாய். அப்புறம் ஊர் வம்பையெல்லாம் அதில் போட்டு அரைத்தோம். கண்டக்டர் இன்னைக்குத் திட்டினார்? இடி! கண்டக்டர் எப்பவும் திட்டுவார்? மழை! உங்க அண்ணன் என்னைப் பார்த்தார் என்றாய். இடி என்றேன். இல்லை, வகுப்பு வாசலில் தினமும் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார் என்றாய். முன் சீட்டுக் கிழவர் திரும்பி, "மழைம்மா அது. குடை எடுத்துக்கோ" என்றாரே, நினைவிருக்கிறதா?

அந்த விளையாட்டில் நான் ஒரு தடவையாவது தோற்றிருக்கிறேனா? நீ தோற்றாய். நான் தோற்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தபால்காரம்மாவை ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். என்னை அடையாளம் தெரிந்தது. காகிதம் போல ஆகிவிட்டார். பேசிக்கொண்டிருக்கும்போதே வலது கை கட்டில் கம்பியின் மேல் எதையோ தேடித் தேடித் துழாவியது. நான் கையைப் பிடித்துக்கொண்டேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

பதினொரு பெண்களைப் பற்றி எழுதியிருக்கிறாய். அவர்கள் வந்தால் எந்த மாடியில் வேலை பார்ப்பார்கள் என்று ஒரு நிமிடம் யோசித்தாயா?

வாயாடி

*

மார்ச் 4

வாயாடி,

பஸ்ஸில் வந்த கிழவரை நான் மறக்கவில்லை. அதையெல்லாம் எடுத்து என் மேல் எறிய வேண்டுமா?

உன் அண்ணனுக்குத் தெரிந்துவிட்டது. உன் கடிதத்தை நான் ஒளித்து வைக்கவில்லை, தலையணைக்கடியில் வைத்திருந்தேன், அவ்வளவுதான். படித்துவிட்டு ரொம்ப நேரம் செருப்பைப் போடுவதும் கழற்றுவதுமாக நின்றார். பிறகு, "என் தங்கச்சிக்கா பிரெஞ்சு தெரியாது? அவ தூக்கத்துலகூட அதுலதாண்டி உளறுவா" என்றார். அதற்கப்புறம் என்னோடு அதிகம் பேசவில்லை. சாப்பிடுகிறார், போகிறார். உனக்குச் சந்தோஷம்தானே?

நீ என்னிடம் கேள்வி கேட்கிறாய். நானும் ஒன்று கேட்கிறேன். கரண்டியைப் பற்றி ஏன் எழுதவில்லை?

உன் இரண்டு கடிதத்தையும் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டேன். மணி இருக்கிறது, மழை இருக்கிறது, எதிர்வீட்டு அக்கா இருக்கிறாள். கரண்டியை மட்டும் காணோம். மணி வேலை செய்யாததால் கிழவர்கள் ஆளுக்கொரு எவர்சில்வர் கரண்டியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு, ஆள் வேண்டுமென்றால் கட்டில் கம்பியில் தட்டுவார்கள் என்று நீதானே சொன்னாய்? அந்த யோசனை உன்னுடையது என்று பெருமையாக வேறு சொன்னாய். சமையலறையிலிருந்து நீயே கேட்டு வாங்கி, மாடி முழுக்கக் கொடுத்தாய். தபால்காரம்மா மட்டும் மூன்று தட்டு தட்டுவார், தபால்காரர் கதவைத் தட்டுகிற மாதிரி என்றாய்.

நான் உன்னைக் குற்றம் சொல்லவில்லை. யோசித்துப் பார் என்கிறேன். மணி அன்றைக்கு மட்டும் கெட்டுப்போனது என்றால் உன் மேல் எதுவும் இல்லை. மாதக்கணக்கில் கெட்டுக் கிடந்தது என்று நிரூபித்தாயானால் முதல் கேள்வி உன்னிடம்தான் வரும். தெரிந்தும் ஏன் எழுதிக் கொடுக்கவில்லை, ஏன் கரண்டியை வைத்துச் சமாளித்தாய் என்று கேட்பார்கள். நீ கேட்கிற மழையில் நீயும்தான் நனைந்துகொண்டிருந்தாய். நான் போட்ட கையெழுத்து உன்னையும் அதிலிருந்து வெளியே இழுத்துவிட்டது. இது முதலாளியம்மா சொன்னது இல்லை. நானே யோசித்தது.

நேற்று வகுப்பில் மீள்பார்வைக்கு அந்தப் பாடம் வந்தது. இறந்தகாலங்கள். கரும்பலகையில் கோடு கிழித்து இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று எழுதினேன். நிச்சயத்தை நிறுத்திவிட்டு வந்த பெண், "டீச்சர், ஈஸியா ஞாபகம் வச்சுக்க ஏதாவது வழி சொல்லுங்களேன்" என்றாள். புத்தகத்தில் இருக்கிறதைப் படி என்று சொல்லிவிட்டேன்.

அண்ணி

*

மார்ச் 15

அண்ணி,

தபால்காரம்மா செத்துப்போனார். போன வாரம் வியாழக்கிழமை காலை. ஆஸ்பத்திரியிலேயே நுரையீரலில் தொற்று வந்துவிட்டது. விழுந்து படுத்த கிழவர்களுக்கு வருவதுதான் என்றார்கள். விழுந்ததைத்தான் யாரும் பேசவில்லை.

கரண்டியைப் பற்றிக் கேட்டாய். சரி. யோசனை என்னுடையது. சமையலறையில் போய் நின்று கரண்டி கேட்டது நான். ஒவ்வொரு கட்டிலுக்கும் வைத்தது நான். மணியைப் பற்றி இரண்டு தடவை வாயால் சொன்னேன். "ஆள் வருவாங்க" என்றார்கள். மூன்றாம் தடவை சொல்லவில்லை. கரண்டி வேலை செய்துவிட்டது, அதனால் மணியைச் சரிசெய்ய யாருக்கும் அவசரம் இல்லாமல் போயிற்று. என் கெட்டிக்காரத்தனம் அவர்களுக்குச் சிக்கனமாக ஆகிவிட்டது. இந்த மாதிரி இடங்களெல்லாம் எங்களைப் போன்றவர்களின் கெட்டிக்காரத்தனத்தில்தான் ஓடுகிறது. ஒரு நாள் அது பிசகினால் எங்களுக்கு மொழி தெரியாது என்றாகிவிடுகிறது.

அன்றைக்கு ஏன் பிசகியது என்று சொல்கிறேன். குடும்பத்தார் வருகிற நாள். காலையில் பொறுப்பாளர் அம்மாள் ஒரு பிளாஸ்டிக் டப்பாவோடு மாடிக்கு வந்தார். "என்ன இது, சந்தை மாதிரி? வர்றவங்க என்ன நினைப்பாங்க?" என்று கட்டில் கட்டிலாகப் போய்க் கரண்டிகளை எடுத்து டப்பாவில் போட்டுக்கொண்டு போனார். சாயங்காலம் திருப்பித் தருவதாகச் சொன்னார். மதியம் தபால்காரம்மா பொத்தானை அழுத்தியிருக்கிறார். கம்பியில் கையால் தட்டியிருக்கிறார். விரல் எலும்பு தட்டினால் எத்தனை தூரம் கேட்கும்? பிறகுதான் எழுந்திருக்கிறார்.

ஆஸ்பத்திரியில் அந்தக் கை எதைத் தேடியது என்று இப்போது உனக்குத் தெரிந்திருக்கும்.

அடக்கம் முடிந்து மகள் இங்கே வந்தார். நேராகக் கீழே, துணி அறைக்கு. பள்ளிக்கூடத்தில் சமையல் வேலை செய்கிறவர், அம்மாவைப் போலவே அகலமான கை. நான் மடித்துக்கொண்டிருந்த விரிப்பின் மறு நுனியைக் கேட்காமலே பிடித்து என்னோடு மடித்தார். "நீதான் முதல்ல எழுதினதா?" என்றார். ஆமாம் என்றேன். "ரெண்டு அறிக்கையும் என்கிட்ட இருக்கு. ஒண்ணுல ஒரு வார்த்தை வேற. நான் அதிகம் படிச்சவ இல்ல, ஆனா அது என் தாய்மொழி. எந்த அறிக்கை நிஜம்?"

முதல் அறிக்கை என்றேன். கரண்டியைப் பற்றியும் சொன்னேன். என் யோசனை என்பதையும் சொன்னேன். அவர் என்னை அடிப்பார் என்று நினைத்தேன். விரிப்பை நாலாக மடித்து மேசையில் வைத்துவிட்டு, "புகார் கொடுத்திருக்கேன். விசாரிக்க வர்ற அதிகாரிகிட்ட இதைச் சொல்லுவியா?" என்று மட்டும் கேட்டார்.

சொல்லிவிட்டேன் அண்ணி. விசாரணை அதிகாரியிடம் எழுத்தில் கொடுத்துவிட்டேன். மழையில் நானும் நின்றேன் என்பதையும் சேர்த்து. வேலை போனால் போகட்டும்.

ஆனால் அவர் உன் சான்றிதழை எடுத்து வைத்துக்கொண்டு கேட்கிறார். "உங்க பிரெஞ்சு நம்பகமில்லைன்னு உங்களுக்குச் சொல்லிக் கொடுத்த ஏஜென்சியே சொல்லுது. கரண்டி இருந்ததுக்கு வேற யாராவது சாட்சி?" மாடியில் இருக்கிற கிழவர்களில் பாதிப் பேருக்கு இன்று என்ன கிழமை என்றே நினைவில்லை. மற்ற பணிப்பெண்கள் தரையைப் பார்க்கிறார்கள். அவர்களைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. கரண்டிகள் சமையலறைக்குத் திரும்பிப்போய்ச் சூப்பில் கிடக்கின்றன.

சாட்சி இருக்கிறது என்றேன். நீதான்.

ஒவ்வொரு ஞாயிறும் இடைவேளையில் மாடி நடையிலிருந்து உனக்குப் போன் செய்வேன். பேசிக்கொண்டிருக்கும்போதே டங், டங், டங் என்று கேட்கும். "ஐயோ, உங்க இல்லத்துல பாத்திரக்கடை வச்சிருக்கீங்களா?" என்று சிரிப்பாய். அப்புறம் பழகிவிட்டது. மூன்று தட்டுக் கேட்டால் நான் சொல்வதற்கு முன்னால் நீயே, "போ போ, தபால் வந்துடுச்சு" என்பாய். ஒரு ஞாயிறு இல்லை, இரண்டு ஞாயிறு இல்லை. அது என்ன காலம் என்று நீயே சொல்.

அதிகாரி காணொளியில் உன்னைக் கேட்பார். ஏப்ரல் 9. கேள்வி ஒன்றுதான். வருவாயா?

வாயாடி

*

மார்ச் 27

வாயாடி,

தபால்காரம்மாவுக்காக ரொம்ப வருத்தப்பட்டேன். முகம் தெரியாதவர்தான், ஆனாலும் தெரிந்தவர் மாதிரி இருந்தது. அன்றைக்கு எதுவும் சாப்பிடப் பிடிக்கவில்லை.

உனக்கு ஒரு செய்தி. பதினொரு பேரில் மூன்று பேருக்கு அழைப்பு வந்துவிட்டது. உங்கள் இல்லத்துக்குத்தான். ஏப்ரல் முதல் வாரம் வந்து சேருவார்கள். நிச்சயத்தை நிறுத்தியவளும் அதில் ஒருத்தி. ரொம்ப நல்ல பெண், கொஞ்சம் பயந்தவள். உன்னை அவளுக்கு அக்கா என்று சொல்லி அனுப்புகிறேன். பார்த்துக்கொள். ஒரு கனமான சட்டை வாங்கிக் கொடு, இவள் கொண்டுவருவது போதாது.

9ஆம் தேதி எனக்கு ஏஜென்சியில் புது வகுப்பு தொடங்குகிறது. முதலாளியம்மாவிடம் லீவு கேட்டால் எதற்கு என்பார். என்ன சொல்வேன்? உன் அண்ணன், "நான் வேணா வந்து சொல்றேன், எனக்கும் ஒரு நாள் கேட்டுச்சு" என்கிறார். அவருக்கு எங்கே கேட்டது, அவர் கையில் நீ பேசும்போது போனே இருக்காதே.

அந்த மாடியில் மணியைச் சரிசெய்துவிட்டார்களா? இந்தப் பெண்கள் வருகிறார்களே, அதற்காகக் கேட்கிறேன்.

அண்ணி

*

ஏப்ரல் 5

அண்ணி அவர்களுக்கு,

இனிமேல் 'நீங்கள்' என்றே எழுதுகிறேன். நாம் பஸ்ஸில் இல்லை.

மணியைக் கேட்டீர்கள். ஒரே ஒரு அறையில் சரிசெய்திருக்கிறார்கள். தபால்காரம்மாவின் அறையில். அதிகாரி வந்து பொத்தானை அழுத்திப் பார்த்தார், நன்றாக அடித்தது, எழுதிக்கொண்டு போனார். அந்த அறை காலியாக இருக்கிறது. மற்ற அறைகளில் ஆட்கள் இருக்கிறார்கள், மணி இல்லை. இப்போது கரண்டியும் இல்லை.

சரிசெய்துவிட்டார்களா என்று நீங்கள் கேட்டதை நான் பலமுறை படித்தேன். கெட்டுக் கிடந்தது என்று நம்பாத ஒருவர் அப்படிக் கேட்கமாட்டார்.

மூன்று பெண்களும் நேற்று வந்து சேர்ந்தார்கள். பெட்டியை இறக்க நான்தான் போனேன். நிச்சயத்தை நிறுத்தியவள் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. விரல்கள் ஐஸ் மாதிரி இருந்தன. சட்டை வாங்கிக் கொடுத்துவிட்டேன். "டீச்சர் உங்களைப் பத்தி நிறைய சொன்னாங்கக்கா. அவங்க வகுப்புலேயே நீங்கதான் முதலாம்" என்றாள். நான் சிரித்துவிட்டேன். அவளுக்கு ஏன் என்று புரியவில்லை.

அவளுக்கு எந்த வேலை கொடுத்திருக்கிறார்கள் தெரியுமா? என் மாடி. திங்கட்கிழமையிலிருந்து மதிய வேளை அவள் தனி. பதினாறு கிழவர்கள், நீண்ட நடை, நடையின் கடைசியில் ஒரு நாற்காலி. அவர்களில் ஒருவர் எழுந்து விழுந்தால் அறிக்கையை அவள்தான் எழுதுவாள். அவள் எந்தக் காலத்தில் எழுதினாலும், அவளுக்கு மொழி தெரியாது என்று சொல்லும் தாள் அலமாரியில் தயாராக இருக்கிறது. உங்கள் கையெழுத்தோடு. அதில் என் பெயரை மட்டும் மாற்றினால் போதும்.

இன்று காலை அவள் துணி அறைக்கு வந்து என்னிடம் கேட்டாள். "அக்கா, ரெண்டு இறந்தகாலத்துல எனக்கு இன்னும் குழப்பமா இருக்கு. அறிக்கை எழுதணும்னு சொல்றாங்க. பயமா இருக்கு. டீச்சர் புஸ்தகத்தைப் படின்னுட்டாங்க. நீங்க எப்படிக் கத்துக்கிட்டீங்க?"

மழையையும் இடியையும் சொல்லிக் கொடுத்தேன். இதைக் கண்டுபிடித்தது உன் டீச்சர்தான் என்று சொன்னேன். அவள் நம்பவில்லை. "நிஜமாவா? அவங்க எங்ககிட்ட சொல்லவே இல்லையே" என்றாள். பிறகு அவளாகவே விரல்விட்டுச் சொல்லிப் பார்த்தாள். நான் ஊரைவிட்டு வந்தேன், இடி. அம்மா அழுதுக்கிட்டே இருந்தாங்க, மழை. பஸ் கிளம்பிடுச்சு, இடி. ஒன்றுகூடத் தப்பவில்லை. நம் மொழிக்காரிதான்.

போகும்போது வாசலில் நின்று, "அக்கா, மேல மணி ஒண்ணும் அடிக்கறதே இல்லையே, அவங்க கூப்பிட்டா எனக்கு எப்படித் தெரியும்?" என்றாள்.

கரண்டி கொடு என்று இன்னொரு தடவை என் வாயால் சொல்ல மாட்டேன்.

லீவு கிடைக்காது என்றீர்கள். காணொளிக்கு லீவு வேண்டாம். வகுப்பறைக் கதவைச் சாத்திக்கொண்டால் போதும். திறந்து வைத்துக்கொண்டாலும் நல்லதுதான், மீதி எட்டுப் பெண்களும் கேட்கட்டும். என் பிரெஞ்சு நல்ல பிரெஞ்சு என்று நீங்கள் சொல்ல வேண்டாம். அந்தச் சான்றிதழைத் திரும்பப் பெறுகிறேன் என்றுகூடச் சொல்ல வேண்டாம். அதிகாரி ஒன்றுதான் கேட்பார், நானும் அதைத்தான் கேட்கிறேன். தபாலில் போட்டால் 9ஆம் தேதிக்குள் வராது, அதனால் இந்தக் கடிதத்தைப் படமெடுத்து உங்கள் போனுக்கு அனுப்புகிறேன். நாளை மறுநாளுக்குள் எனக்குத் தெரிய வேண்டும், போனிலாவது சொல்லுங்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் அந்த மூன்று தட்டு உங்கள் காதில் விழுந்துகொண்டிருந்ததா, இல்லையா?

உங்கள் நாத்தனார்